லீவு போட்டால்தான் தெரியும்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரத்தைப் பார்க்கப் போனால் வழியில் நெம்மேலி. சனிக்கிழமை சாயங்காலம் பைக்கில் பறக்கும் வாலிபர்கள் இந்த ஊரைக் கவனிப்பதில்லை. கவனமெல்லாம் பின்சீட்டில். ஆனால் தென்சென்னையில் குடியிருந்துகொண்டு காலையில் குழாயைத் திறந்து பல் தேய்க்கிற ஆசாமிகள், நெம்மேலி வந்ததும் வண்டியை நிறுத்தி ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போவதுதான் மரியாதை. கடல் தண்ணீரை உறிஞ்சி, உப்பைக் கழற்றி, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீராக்கும் நிலையம் 2013-ல் இங்கே வந்தது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று.

தத்துவம் சுலபம். ஒரு மெல்லிய சவ்வு. அதன் ஒரு பக்கம் கடல் தண்ணீரை நிறுத்தி ஐம்பது அறுபது மடங்கு காற்றழுத்தத்தில் நெருக்கினால், தண்ணீர் மட்டும் மறுபக்கம் கசியும். உப்பு இந்தப் பக்கமே நிற்கும்.

உப்போடு இன்னொரு கூட்டமும் நிற்கும். ஒரு மில்லி லிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியா உண்டு. சவ்வைத் தாண்ட அவற்றால் முடியாது. சரி, முடியவில்லையே என்று திரும்பிப் போகுமா? அங்கேயே உட்கார்ந்து, பசை மாதிரி ஒன்றைக் கக்கி, குடும்பம் குட்டியோடு குடியேறிவிடும். உங்கள் பாத்ரூம் மூலையில் கால் வைத்தால் வழுக்குமே, அதே சமாசாரம். சவ்வு அடைக்கும்; அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்; கரண்ட் பில் ஏறும்.

குளோரின் போட்டுக் கொன்றுவிடலாமே என்பீர்கள். எல்லா ஊரிலும் போடுகிறார்கள். அதில் இரண்டு சிக்கல். இந்தச் சவ்வுக்கும் குளோரினுக்கும் ஜென்மப் பகை. ஆகவே தண்ணீர் சவ்வைத் தொடுவதற்கு முன்னால் குளோரினை எடுத்துவிட வேண்டும். போலீஸை வாசலோடு திருப்பி அனுப்புகிற மாதிரி. இரண்டாவது, குளோரினில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தாலும் ஒன்று பிழைக்கும். செத்தவர்களின் உடம்பே அதற்குப் பந்திச் சாப்பாடு. பிழைத்த அந்த ஒருவன் யார், எப்படிப் பிழைத்தான், அவனிடம் அப்படி என்ன இருக்கிறது?

இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இதே கடற்கரையிலிருந்து கிளம்பி, செவ்வாய்க் கிரகம் போகிற கப்பல் வரை போனார் ஒரு தமிழர். பெயர் கஸ்தூரி வெங்கடேஸ்வரன். நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் நெடுங்காலம் விஞ்ஞானி.

ஆரம்பம் நெம்மேலிக்குத் தெற்கே, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடல் நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியது அண்ணாமலையில். பரங்கிப்பேட்டைக் கடல்நீரில் பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியாக்கள் எந்தப் பருவத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று இவரும் ஆர். நடராஜனும் 1983-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

அந்தக் காலத்தில் இம்மாதிரி படிப்பு படித்த பையன்களின் அப்பாக்கள் கல்யாண வீடுகளில் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

"பையன் என்ன பண்றான்?"

"கடல் தண்ணியில பாக்டீரியா எண்றான்."

"எண்ணி முடிச்சதும் பேங்க்ல எடுத்துப்பாங்களா?"

வெங்கடேஸ்வரன் அடுத்து ஜப்பான் போனார். ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் உணவு நுண்ணுயிரியலில் இன்னொரு டாக்டர் பட்டம். மீனில் இருந்துகொண்டு வயிற்றைக் கலக்கும் விப்ரியோ கோஷ்டியை ஆராய்ந்தார். பிறகு கச்சா எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள். பிறகு அமெரிக்கா. வரிசையைப் பாருங்கள்: கடல், மீன், எண்ணெய். வேலைக்கு மனு எழுதும்போது 'தாங்கள் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு 1983-ல் இவர் 'செவ்வாய்க் கப்பலில்' என்று எழுதியிருந்தால் மனு நேரே குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

அமெரிக்காவில் கென்னத் நீல்சன் என்றொரு விஞ்ஞானி. நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா ஏரியின் அடிச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவை எடுத்து 1988-ல் உலகுக்கு அறிவித்தவர். நீங்களும் நானும் ஆக்ஸிஜனைச் சுவாசிக்கிறோம். அது ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் மாங்கனீஸைச் 'சுவாசிக்கும்'. இரும்புத் துரு கிடைத்தால் அதையும். ஒரு ஆளுக்கு மூச்சு முட்டினால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் மூலமாகவே மூச்சு விட்டால் எப்படியிருக்கும், அந்த மாதிரி.

அதற்கு முறையாகப் பெயர் சூட்டிய 1999-ஆம் வருடக் கட்டுரையில் முதல் பெயர் வெங்கடேஸ்வரனுடையது. ஷெவனெல்லா ஒனைடென்ஸிஸ். ஏரியின் பெயர் பின்பாதியில். முன்பாதி, ஸ்காட்லாந்தில் மீன் கெட்டுப்போவதை ஆராய்ந்த ஜேம்ஸ் ஷெவன் என்பவரின் நினைவாக, அந்த இனத்துக்கே ஏற்கெனவே வைக்கப்பட்டது. இதே இனத்தின் உறவுக்காரர்கள் சிலர்தான் ஐஸ் பெட்டியில் வைத்த மீனையும் நாறவைக்கிறார்கள்.

2002-ல் இந்த ஷெவனெல்லாவின் ஜீனோம் முழுக்கப் படிக்கப்பட்டது. சுமார் 50 லட்சம் எழுத்துக்கள். நாலாயிரத்துச் சொச்சம் ஜீன்கள். பத்திரிகைகள் 'ரகசியம் வெளிப்பட்டது' என்று தலைப்புப் போடுகிற கட்டம் இதுதான். உண்மையில் தலைவலி ஆரம்பிக்கிற கட்டமும் இதுதான்.

ஏன் என்று என் ஆபீஸ் நண்பருக்கு விளக்கினேன்.

"சார், நாலாயிரம் பேர் வேலை செய்ற ஒரு பெரிய ஆபீஸ். அதோட ஸ்டாஃப் லிஸ்ட் உங்க கையில கிடைச்சாச்சு. பேர் இருக்கு, சீட் நம்பர் இருக்கு. யாரு என்ன வேலை பார்க்கறாங்கன்னு மட்டும் எழுதலை. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கேண்டீன்ல விசாரிக்கலாம்."

"பாக்டீரியாவுக்கு கேண்டீன் கிடையாது சார்."

நண்பர் சற்று யோசித்தார். முப்பது வருட சர்வீஸ். "ஒவ்வொருத்தரா லீவுல அனுப்பு. எந்த ஃபைல் நிக்குதுன்னு பாரு."

ஃபங்ஷனல் ஜீனோமிக்ஸ் என்று பெரிய பெயரில் நடப்பதில் முக்கியமான பகுதி இதுதான்! டி.என்.ஏ.யில் ஒரு சின்னத் துண்டு உண்டு. கண்ட இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் சுபாவம். அது ஒரு ஜீனுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் அந்த ஜீன் அவுட். ஒவ்வொரு துண்டுக்கும் சோப்பு டப்பாவில் இருக்கிற பார்கோடு மாதிரி ஒரு அடையாளம் வைத்துவிடுகிறார்கள். இப்படி ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜீன் லீவு. எல்லாவற்றையும் ஒரே குடுவையில் போட்டு, சாப்பாட்டை மாற்றி, உப்பைக் கூட்டி, ஆக்ஸிஜனை நிறுத்தி, விதவிதமாகப் படுத்துவது. கடைசியில் எந்த பார்கோடு குறைந்திருக்கிறது என்று எண்ணினால், இந்த நெருக்கடிக்கு அந்த ஜீன் தேவை என்று தெரிந்துபோகும்.

பெர்க்லி விஞ்ஞானிகள் 2011-ல் நம் ஷெவனெல்லாவை இப்படிச் சோதித்தார்கள். 3,355 ஜீன்கள், 121 விதமான சூழ்நிலைகள். அவற்றில் 2,350 ஜீன்கள் லீவில் போனபோது ஏதோ ஒரு இடத்தில் பாதிப்பு தெரிந்தது. மீதி ஆயிரத்துச் சொச்சம் பேர்?

"121 விதமா மாத்தியும் அவங்க இல்லாதது யாருக்குமே தெரியலை சார்."

"எங்க செக்‌ஷன்தான்" என்றார் நண்பர்.

அவசரப்படாதீர்கள். 122-வது சூழ்நிலை ஒன்று வரும், அன்றைக்கு அந்த ஆயிரத்தில் ஒருவர்தான் கம்பெனியைக் காப்பாற்றுவார் என்றும் இருக்கலாம். பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஆடிட் வருகிறபோது மட்டும் பழைய ரிஜிஸ்டர் எந்த பீரோவில் இருக்கிறது என்று சொல்கிற பெரியவர் ஒருவர் எல்லா ஆபீஸிலும் உண்டல்லவா?

இதைவிடத் தமாஷ், கிரேக் வென்டர் கோஷ்டி 2016-ல் செய்தது. உயிர் வாழ்வதற்குத் தேவையில்லாத ஜீன்களையெல்லாம் ஆட்குறைப்பு செய்து, வெறும் 473 ஜீன்களோடு ஒரு பாக்டீரியாவைத் தயார் செய்தார்கள். ஓ.பி. அடிப்பவர் எவரும் கிடையாது. அதில் 149 ஜீன்கள் துல்லியமாக என்ன வேலை செய்கின்றன என்று அவர்களால் அப்போது சொல்ல முடியவில்லை! நீக்கினால் ஆபீஸ் மூடிவிடும். என்ன செய்கிறார் என்றால் தெரியாது. கூட்டிக் கழித்து வேண்டிய ஜீன்களை மட்டும் கையால் பொறுக்கி வைத்த இடத்திலேயே இந்தக் கதி என்றால், பரங்கிப்பேட்டைச் சேற்றைப் பற்றி என்ன சொல்வது!

வெங்கடேஸ்வரன் விஷயத்துக்கு வருகிறேன். விண்வெளி ஆராய்ச்சிக் கூடத்தில் பாக்டீரியாக்காரருக்கு என்ன வேலை? துப்புரவு மேற்பார்வை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று தேட இயந்திரம் அனுப்புகிறார்கள். அங்கே போய் மண்ணைத் தோண்டி, 'ஆஹா, உயிர்!' என்று அது செய்தி அனுப்பி, கடைசியில் அது கலிபோர்னியாவில் மெக்கானிக் தும்மியபோது ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தால்? பல நூறு கோடி டாலரும் உலகத்தின் முன்னால் மானமும் போகும். அதனால் செவ்வாயில் இறங்கும் கப்பலின் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு சராசரி 300 ஸ்போர்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சர்வதேச விதியே உண்டு. ஸ்போர் என்பது பாக்டீரியா கஷ்டகாலத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கும் அவதாரம். கப்பலைப் பூட்டுகிற அறையில் காற்றை வடிகட்டுவார்கள். தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆட்கள் கண் மட்டும் தெரிகிற அங்கி போட்டுக்கொண்டு நடமாடுவார்கள். நம்ம ஊர் ஆபரேஷன் தியேட்டரெல்லாம் இதற்கு முன்னால் கோயம்பேடு மார்க்கெட்.

அந்த அறையில் வெங்கடேஸ்வரனும் சகாக்களும் பஞ்சை ஒற்றி எடுத்தால், ஆசாமிகள் ஆஜர்! மார்ஸ் ஒடிஸி கப்பலின் மேலேயே ஒரு புது இனம். 2004-ல் பேஸில்லஸ் ஒடிஸியை என்று பெயர். 2006-ல் பேஸில்லஸ் சேஃபென்ஸிஸ்; கப்பல் பூட்டும் கூடத்தின் ஆங்கிலச் சுருக்கெழுத்தான 'சேஃப்' என்பதிலிருந்து. பிறகு ஃபீனிக்ஸ் கப்பலுக்காக ஃப்ளோரிடா அறையில் ஒன்று அகப்பட்டது. சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி, தென் அமெரிக்காவில் ஐரோப்பியர்களின் கூரூ ராக்கெட் தளத்து அறையிலும் அதே பயல்! 2013-ல் டெர்ஸிகாக்கஸ் ஃபீனிஸிஸ் என்று பெயர் வைத்தார்கள். சுத்தமான அறைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பாக்டீரியா. மாமியார் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

எல்லோரிலும் பெரிய கேடி, எஸ்.ஏ.எஃப்.ஆர்-032 என்ற கைதி எண் கொண்ட ஒரு பேஸில்லஸ். அல்ட்ரா வயலெட் விளக்கு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு இரண்டையும் மற்ற உறவுக்காரர்களைவிட அதிகமாகத் தாங்கியது. ஜீனோமைப் படித்தால் குட்டு உடையும் என்று 2007-ல் படித்தார்கள். கிடைத்தது அதிர்ச்சி. அதன் சாதாரண உறவினர்களிடம் இந்த இரண்டையும் தாங்குவதற்காக இருக்கிற ஜீன்களில் பல இதனிடம் இல்லவே இல்லை! வேறு எங்கும் இல்லாத சில ஜீன்கள் இருந்தன. பூட்டு உடைக்கிற திருடனைப் பிடித்துப் பையைச் சோதித்தால் கடப்பாரை இல்லை, வேறு என்னவோ புரியாத சாமான்கள் இருக்கிற மாதிரி. ஸ்டாஃப் லிஸ்ட் இருந்தால் போதாது என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் உறைக்கிறது.

இதன் ஸ்போர்களை விண்வெளி நிலையத்துக்கு வெளியே 18 மாதம் வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. வெயில் நேரே பட்டவை பெரும்பாலும் காலி. இருட்டில் இருந்தவற்றில் 10 முதல் 40 சதவிகிதம் பிழைத்திருந்தன. காற்றில்லை, தண்ணீரில்லை, ஒன்றரை வருஷம்! போய் வந்தவற்றின் அடுத்த தலைமுறையோ பூமியிலேயே இருந்ததைவிட அல்ட்ரா வயலெட்டை இன்னும் நன்றாகத் தாங்கியது. ஃபாரின் ரிட்டர்ன் அல்லவா.

சுத்தம் செய்யச் செய்ய, சுத்தம் செய்வதைத் தாங்கக்கூடியவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். நெம்மேலி மாதிரி இடங்களில் குளோரினுக்கு நடப்பதும் இதுதான். விண்வெளி நிலையத்திலோ கஷ்டம் இன்னும் கிட்டே இருக்கிறது. அங்கே கடல் கிடையாது. சிறுநீரையும் வியர்வையையும் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். 98 சதவிகிதத் தண்ணீரை மீட்க முடிகிறது என்று 2023-ல் நாசா அறிவித்தது. அந்தக் குழாய்களிலும் இதே வழுவழுப்பு படிந்து அடைத்திருக்கிறது. செவ்வாய்க்கு மனிதர்கள் போகிற வழியில் அடைத்துக்கொண்டால் பிளம்பரை எங்கே தேடுவது?

ஆகவே வெங்கடேஸ்வரன் நிலையத்துக்குள்ளேயும் பஞ்சை ஒற்றினார். 2015-ல் எடுத்த மாதிரிகளில், கழிவறைப் பக்கத்திலும் தேகப்பயிற்சி மெஷினிலும் என்டிரோபேக்டர் புகாண்டென்ஸிஸ் என்ற பேர்வழி அகப்பட்டான். பல மருந்துகளுக்கு மசியாதவன். விண்வெளியில் எடுத்த 13 வகைகளின் ஜீன்களைப் பூமியில் இருக்கும் சொந்தக்காரர்களோடு ஒப்பிட்டு, அங்கே இவன் எப்படி மாறியிருக்கிறான், பக்கத்து வீட்டு பாக்டீரியாக்களோடு எப்படிக் காலம் தள்ளுகிறான் என்று 2024-ல் கணக்குப் போட்டவர்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் கார்த்திக் ராமன் குழுவும் உண்டு.

வெங்கடேஸ்வரன் பெயர் வைக்கிற விதத்தில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். விண்வெளி நிலையத்தில் 40 மாதம் காற்றை வடிகட்டிய ஃபில்டர் ஒன்று பூமிக்குத் திரும்பி வந்தது. அதிலிருந்து கிடைத்த புது பாக்டீரியாவுக்கு 2017-ல் வைத்த பெயர் சோலிபேஸில்லஸ் கலாமி. ராமேஸ்வரத்து அப்துல் கலாம்தான். 2021-ல் இன்னொன்று, செடி வளர உதவக்கூடிய ஜீன்கள் கொண்டது, மெத்திலோபேக்டீரியம் அஜ்மாலி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் பேராசிரியர் அஜ்மல் கானின் பெயர். பரங்கிப்பேட்டையை மறக்கவில்லை மனிதர். தலைவர் பெயரை பஸ் ஸ்டாண்டுக்கு வைத்தால் அடுத்த ஆட்சியில் மாற்றலாம். இதை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

ஃபீனிக்ஸ் கப்பல் 2007-ல் கிளம்பியபோது அந்த அறையிலிருந்து சேகரித்த பாக்டீரியாக்களைப் பத்திரமாக வைத்திருந்து, ஜீனோம் படிப்பது மலிவான பிறகு மறுபடி ஆராய்ந்ததில் 26 புது இனங்கள் இருப்பதாக 2025-ல் கட்டுரை வந்தது. வெங்கடேஸ்வரனும் அதில் உண்டு. பதினெட்டு வருஷம் ஃப்ரீசரில் காத்திருந்த ஃபைல். இந்த 26 பேருடைய ஜீன்களை ஒவ்வொன்றாக லீவில் அனுப்பிப் பார்க்க இன்னும் எத்தனை பேருடைய ஆயுள் வேண்டும்? எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படித்துவிட்டு மருந்துக் கம்பெனியில் ரெப் வேலைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற தம்பிகள் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். வேலைக்குப் பஞ்சமே இல்லை. சம்பளத்தைப் பற்றி நான் பேசவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்ப்பா, நம்ம பேர்ல ஒரு பாக்டீரியா வைக்கணும்னா என்ன பண்ணணும்?"

"முதல்ல புதுசா ஒண்ணு கிடைக்கணும் சார். விண்வெளியில 40 மாசம் கழுவாத ஃபில்டர்ல கிடைச்சிருக்கு. நம்ம செக்‌ஷன் ஏ.சி. ஃபில்டரை எப்ப கழுவினாங்க?"

நண்பர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"நான் இங்க மாத்தலாகி வந்தே பதினோரு வருஷமாச்சு" என்றார். குரலில் நம்பிக்கை தெரிந்தது.